வாயைக் கட்டணுமாம்!

"வாயைக் கொஞ்சம் கட்டுங்கம்மா."

டாக்டரம்மா சொன்னது அவ்வளவுதான். ரிப்போர்ட்டை மேலயும் கீழயும் பார்த்தாங்க, சொன்னாங்க, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாங்க. பக்கத்து நாற்காலியில இருந்த எங்க வீட்டுக்காரர் சும்மா இருந்திருக்கலாம். "நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன் டாக்டர், கேட்டாத்தானே!"ன்னாரு. என்ன சொன்னாரு? எப்ப சொன்னாரு? கல்யாணம் ஆன நாளா என் தட்டுல என்ன கிடக்குன்னு எட்டிப் பார்க்காத மனுஷன். எட்டிப் பார்க்கிறதுக்கு முதல்ல தட்டுன்னு ஒண்ணு இருக்கணும், அது வேற விஷயம்.

ரத்தம் கம்மி. சர்க்கரை ஜாஸ்தி. வெயிட்டும் ஜாஸ்தி. "அது எப்படிம்மா? சாப்பிடாதவங்களுக்குத்தான் ரத்தம் குறையும், சாப்பிடறவங்களுக்குத்தான் வெயிட் ஏறும். ரெண்டும் ஒரே ஆளுக்கு எப்படி?"ன்னு மகன் போன்ல சிரிக்கிறான். இன்ஜினீயர். அவனுக்குக் கணக்கு உதைக்குது.

எனக்கு மட்டும்தான் இந்த விநோதம்னு நெனச்சு வெட்கப்பட்டுக்கிட்டு இருந்தேன். இல்லையாம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுப் பொம்பளைங்க கணக்கு இருக்கு. 15லேருந்து 49 வயசு வரைக்கும் உள்ளவங்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 40.4 சதவீதம் பேருக்கு அளவுக்கு மீறின எடை. முந்தின ஆய்வுல, 2015-16ல, அந்த எடைக் கணக்கு 30.9தான். நான் 49ஐத் தாண்டினவ, அதுல வர மாட்டேன். ஆனா ஒண்ணு கவனிங்க. நம்ம மாநிலத்துல அந்த ஆய்வைக் கொஞ்சம் ஊரடங்குக்கு முன்னாடி எடுத்திருக்காங்க. கொரோனா வந்து நிறுத்திட்டு, மிச்சத்தை 2020 டிசம்பருக்கு மேல எடுத்திருக்காங்க. நடுவுல ஒன்பது மாசம் நாங்க என்ன சாப்பிட்டோம்னு அந்த நோட்டுல கிடையாது. அதைத்தான் சொல்லப்போறேன். டீயை ஆற விடாதீங்க, குடிச்சுக்கிட்டே கேளுங்க.

கொரோனாவுக்கு முன்னாடி எனக்குன்னு ஒரு சாப்பாடு இருந்துச்சு. நிஜமாத்தான். காலையில ஒன்பதரைக்குள்ள வீடு காலி. அவர் பள்ளிக்கூடத்துல கிளார்க், கிளம்பிடுவார். மகனும் மருமகளும் சென்னையில. மாமியார் ஒரு குட்டித் தூக்கம் போடுவாங்க. பதினோரு மணிக்கு மேல அடுப்படியை ஒழிச்சுட்டு, கொல்லைப்பக்க நடையில காலை நீட்டி உட்காருவேன். ராத்திரியே தண்ணி ஊத்தி வச்ச பழைய சோறு, கெட்டி மோரு, கல்லுப்பு, நாலு சின்ன வெங்காயம். முந்தின நாள் மீன்குழம்பு இருந்தா அதைச் சுண்ட வச்சது. சித்திரை மாசம்னா மாவடு. பக்கத்துல திருச்சி வானொலி என்னத்தையோ பாடிக்கிட்டு இருக்கும். "அம்மா, சார்ஜர் எங்க?"ன்னு கேக்க ஒரு ஜீவன் கிடையாது. மத்தியானத்துக்கு வாழைத்தண்டோ முளைக்கீரையோ, எனக்குப் பிடிச்சதா ஒண்ணு. அவருக்கு வாழைத்தண்டு ஆகவே ஆகாது. அதனால எனக்கு மட்டும்னு நார் எடுத்து நறுக்கிச் செஞ்சுக்குவேன்.

எந்த வீட்டு அம்மாவை வேணாலும் தனியா கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்க. வீட்டுல யாரும் இல்லாத நேரத்துல சாப்பிடறதுதான் அவங்க சாப்பாடு. மத்ததெல்லாம் டியூட்டி.

கொரோனா என்கிட்டேருந்து பிடுங்கினது அந்தச் சாப்பாட்டைத்தான். அதுக்கு எனக்கு நோய்கூட வர வேண்டியிருக்கல. எல்லாரையும் ஒரே நேரத்துல வீட்டுக்கு அனுப்பி வச்சுது, முடிஞ்சுது கதை!

2020 மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் டி.வி.யில வந்தார். 21 நாள் யாரும் வெளிய போகக்கூடாதுன்னார். அதுக்கு முன்னாடியே மகன், மருமக, பேத்தி மூணு பேரும் தஞ்சாவூர் வந்து சேர்ந்துட்டாங்க. சந்தோஷம்தான், இல்லைன்னு சொல்லுவேனா? முதல் வாரம் வீடே திருவிழா. அப்புறம்தான் உறைச்சுது, திருவிழாவுக்கு வந்தவங்க எல்லாரும் சாமி கும்பிட வந்தவங்க, மடப்பள்ளியில நான் ஒருத்திதான்னு.

ஆறரைக்கு அவருக்குக் காபி. எட்டுக்கு மாமியாருக்கு இட்லி, நல்லா குழைவா. ஒன்பதரைக்கு மகனுக்கு மீட்டிங் முடியும், அப்ப தோசை, முறுகலா. பத்தேகாலுக்கு மருமகளுக்கு, லேப்டாப் பக்கத்துல கொண்டுபோய் வைக்கணும், கேமராவுல கை தெரியக்கூடாது. பேத்திக்கு அவ நெனச்சப்ப. பதினோரு மணிக்கு எல்லாருக்கும் இன்னொரு ரவுண்டு டீ. அப்ப என் பதினோரு மணி? பழைய சோறே இல்லாமப் போச்சு வீட்டுல. மூணு வேளையும் சுடச்சுட வடிச்சா, தண்ணி ஊத்த எது மிஞ்சும்?

ஒரு நாள் மிஞ்சுச்சு. ஆசையா ஊத்தி வச்சேன். மறுநாள் மகன் பார்த்துட்டான். "என்னம்மா இது, பழசெல்லாம் சாப்பிட்டுக்கிட்டு? இம்யூனிட்டி போயிடும்!" கொண்டுபோய்க் கொல்லையில கொட்டினான், தஞ்சாவூர்க்காரன் பெத்த பிள்ளை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில டாக்டருங்க பழைய சோத்தை வச்சு ஆராய்ச்சி பண்றாங்க, குடலுக்கு அவ்வளவு நல்லதுன்னு பின்னாடி பேப்பர்ல வந்துச்சு. எனக்கு அந்த நியூஸை ஃபார்வர்டு பண்ணது யாருங்கறீங்க? இவனேதான். 'நம்ம பாரம்பரியம்மா'ன்னு ரெண்டு கைகூப்பி எமோஜி வேற. என்னத்தச் சொல்ல!

இம்யூனிட்டி. இந்த ஒரு வார்த்தையால என் அடுப்பு அணையவே இல்ல. அரசாங்கமே கபசுரக் குடிநீர் குடிக்கச் சொல்லித் தெருத்தெருவா குடுத்துச்சு. சுக்கு, திப்பிலி, ஆடாதோடை, நிலவேம்பு, சீந்தில்னு 15 சரக்கு. நல்ல மருந்துதான், நான் குறை சொல்லல. ஆனா நாட்டு மருந்துக் கடைப் பொட்டலத்தைப் பிரிச்சு, கொதிக்க வச்சு, கால் பங்கா சுண்டற வரைக்கும் பக்கத்துலயே நிக்கிறது யாரு? முகத்தைச் சுளிச்சுக்கிட்டு ஓடுற பேத்தியைத் துரத்திப் பிடிக்கிறது யாரு? ஆளாளுக்கு ஒரு மடக்கோட வச்சுட்டுப் போன டம்ளர்ல இருக்கிறது யாருக்கு? காசு குடுத்து வாங்கினதைக் கொட்ட மனசு வருமா? வெறும் வயித்துல அத்தனை கசப்பும் எனக்குத்தான்.

அது உள்ள போய் அரை மணி நேரம் ஆகலை, அடுத்து டல்கோனா காபி! இன்ஸ்டன்ட் காபித்தூளையும் சர்க்கரையையும் போட்டுக் கை ஓயற வரைக்கும் அடிக்கணுமாம். பக்கத்துல கும்பகோணம், டிகிரி காபிக்குப் பேர் போன ஊரு, அந்த மண்ணுல உட்கார்ந்துக்கிட்டு இன்ஸ்டன்ட் தூளை நுரை அடிக்கிறாங்க. முதல் தடவை நுரை வரல. "அத்தை, நீங்க குடிச்சுடுங்களேன், வேஸ்ட்டாப் போகுது." குக்கர் கேக் அடிப்பிடிச்சுதா, அத்தைக்கு. பானிபூரி உப்பலையா, அத்தைக்கு. கருகினது, அமுங்கினது, இனிப்பு தூக்கலானது எல்லாம் எனக்கு. நல்லா வந்தது போட்டோவுக்குப் போச்சு, அப்புறம் அவங்க வாய்க்குப் போச்சு. டாக்டரம்மா, கேக்குறீங்களா? சர்க்கரை அங்கேருந்துதான் கிளம்புச்சு.

மத்தியானச் சாப்பாட்டைப் பத்திச் சொல்றேன், சிரிக்கக்கூடாது. எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவி முடிக்க ரெண்டே முக்கால் ஆகும். அப்புறம் நான் அடுப்படிக்குள்ள போனா, குழம்புச் சட்டியில ஓரமெல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கிற குழம்பு, அடியில ஒரு முருங்கைக்காய் நுனி. பொரியல் வாணலியில கடுகும் தீஞ்ச தேங்காய்ப்பூவும். ரசத்துல தெளிவு போயி வண்டல். குக்கர்ல மிச்சம் இருக்கிற சோத்தை நேரா அந்தக் குழம்புச் சட்டிக்குள்ள போட்டு, வாணலியில கிடக்கிறதையும் அதுலயே தட்டி, ஓரத்தை விரலால வழிச்சுப் பிசைஞ்சு, மேடையில சாஞ்சு நின்னுக்கிட்டே சாப்பிட்டு முடிச்சிடுவேன். ஒரு தட்டு தேய்க்கிறது மிச்சம். பாத்திரம் தேய்க்க வர்ற பொண்ணும் வரக்கூடாதுன்னு தெருவுல சொல்லிட்டாங்களே, எல்லாப் பாத்திரமும் என் கைதானே.

ருசிக்கு என்ன குறைச்சல்? சட்டிச் சோத்துக்கு ஒரு தனி ருசி உண்டு, சாப்பிட்டவங்களுக்குத் தெரியும். அதுதான் வினையே. காய் இல்ல, பருப்பு இல்ல, மீன் துண்டு இல்ல, ஆனா புளிப்பும் காரமும் எண்ணெயும் தாராளமா இருக்கும். சோறு தன்னால இன்னும் ரெண்டு கரண்டி இறங்கும். மகனுக்கு உதைச்ச கணக்கு இப்ப நேராச்சா? வயிறு ரொம்பும், வெயிட் ஏறும், ரத்தம் மட்டும் ஊறாது.

சோத்துக்குத்தான் எங்க ஊர்ல பஞ்சமே இல்லையே! 2020 ஏப்ரல்ல ரேஷன்ல ஆயிரம் ரூபாயும், அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் இலவசமா குடுத்தாங்க. மத்திய அரசு கணக்குல ஆளுக்கு 5 கிலோ தானியம் வேற. 2021 ஜூன்ல 14 பொருள் போட்ட பை வந்துச்சு, கோதுமை மாவு, ரவை, உளுந்து, புளி, மிளகாய்த்தூள்னு. வாங்கிக்கிட்டோம், நன்றி கெட்டவ இல்ல நான். அந்த நேரத்துல அது இல்லாம எத்தனையோ வீட்டுல உலை ஏறியிருக்காது. ஆனா எல்லாமே வயித்தை ரொப்புற சாமான். காய்? வாரத்துக்கு ஒரு தடவை, வண்டி வந்தா உண்டு. 2021 மே 24லேருந்து மளிகைக் கடைகூடத் திறக்காத முழு ஊரடங்கு வந்தப்ப, தோட்டக்கலைத் துறை வண்டியில காய் வந்துச்சு. பைக்குள்ள என்ன இருக்கோ அதுதான். கூத்தைப் பாருங்க, அந்தப் பக்கம் திருவையாறுல வாழை வச்சவங்க, கல்யாணமும் இல்ல கோயில் விசேஷமும் இல்ல, இலையையும் தாரையும் யார்கிட்ட விக்கிறதுன்னு தெரியாம நின்னாங்க. இந்தப் பக்கம் நான் ஒரு வாழைப்பூவுக்கு ஏங்கிக்கிட்டு இருந்தேன். காய் குறைஞ்சா வீட்டுல முதல்ல யார் பங்கு குறையும்னு நான் சொல்லித்தான் தெரியணுமா?

சரி, நானாவது சட்டியில சோறு இருந்து சாப்பிட்டேன். பாபநாசம் பக்கத்துலேருந்து கீரைக்கட்டு கொண்டாந்து விக்கிற பொண்ணு ஒருத்தி உண்டு. வயல் வேலை இருந்தா வயலுக்குப் போகும், இல்லாத நாள்ல கீரைக்கூடை. 2020ல பஸ் நின்னதும் அவளும் நின்னுட்டா. மறுபடி பஸ் ஓட ஆரம்பிச்சு வந்தப்ப பார்த்தேன், கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு நிக்குது. சம்பா அறுத்த வயல்ல உளுந்தும் பயறும் பறிக்கிற நேரத்துல ஊரடங்கு வந்து சிக்கிக்கிச்சு. விவசாய வேலைக்கு அனுமதி உண்டுன்னு பேப்பர்ல போட்டாங்க. ஒரு குட்டி யானையில இருபது பொம்பளைங்க நெருக்கியடிச்சு ஏறிப் போறவங்க, போலீஸ் நிக்கிற ரோட்டுல எப்படிப் போவாங்க? நூறு நாள் வேலைக்கு அந்த வருஷம் கூலியை 256 ரூபாய் ஆக்கினாங்க. வேலை நடந்தாத்தானே கூலி!

"மத்தியானம் பள்ளிக்கூடத்துல முட்டையும் சோறும் தின்னுட்டு வரும்க்கா மூணும். இப்ப அதுங்களும் என் உலையத்தான் பார்க்குதுங்க. அதுங்களுக்குப் போட்டுட்டு, கஞ்சித்தண்ணியில உப்பைப் போட்டுக் குடிச்சுட்டு, ஒரு வெத்தலையை மென்னுக்கிட்டா பசி அடங்கிப்போயிரும்க்கா." ஏதோ பஸ்ஸு லேட்டாச்சுன்னு சொல்ற குரல்ல சொல்றா. கும்பகோணம் வெத்தலைக்கு உலகமெல்லாம் பேரு. பசிக்கு மருந்தாவும் இங்க அதுதான் ஓடுது, இதை எந்த விளம்பரத்துல போடுவாங்க? பின்னாடி சத்துணவுக்குப் பதிலா அரிசியும் பருப்புமா பிள்ளைங்க பேருக்குக் குடுத்தாங்க. நல்லது. அதைப் பொங்கறவ யாரு, கடைசியா சட்டியைப் பார்க்கிறவ யாரு?

அவளுக்குக் குழுக்கடன் வேற. ரிசர்வ் வங்கி 2020 மார்ச்லேருந்து ஆகஸ்ட் வரைக்கும் தவணையைத் தள்ளிப்போடலாம்னு சொன்னது சரிதான். வாசல்ல வந்து உட்கார்ற வசூல்காரருக்கு அதை யார் வாசிச்சுக் காட்டறது? "பாலை நிறுத்திட்டேன்க்கா. கடுங்காப்பிதான் எனக்கு." பாலை நிறுத்தினது வீட்டுக்கு இல்லையாம், அவளுக்கு மட்டுமாம். புருஷனுக்குப் பால் ஊத்தின டீதான். இதையும் பெருமையாத்தான் சொல்றா!

பள்ளிக்கூடம் எப்பத் திறக்கும்னே யாருக்கும் தெரியாத 2020 மே மாசம் 7ஆம் தேதி எது திறந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? டாஸ்மாக். பொம்பளைங்க ரோட்டுல வந்து உட்கார்ந்தாங்க. மறுநாளே ஹைகோர்ட் மூடச் சொல்லுச்சு. 15ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தடை குடுத்து, 16ஆம் தேதி மறுபடி திறந்தாச்சு. எது எது அவசரம்னு அரசாங்கத்துக்குத் தெரியுது பாருங்க. சத்துணவுக்கூடம் பூட்டித்தான் கிடந்துச்சு.

எனக்கு ரொம்பத் தைச்சது ஆடிப்பெருக்கு. காவிரிக்கரைக்காரங்களுக்கு இதை விளக்கத் தேவையில்ல. வெளியூர்க்காரங்க கேட்டுக்கங்க. வருஷத்துல அந்த ஒரு நாள்தான் நாங்க கூடி உட்கார்ந்து சாப்பிடறது. புளியோதரை, தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச் சோறு எல்லாம் காலையிலயே கிளறி, தூக்குல அடைச்சு, திருவையாறு படித்துறைக்குப் போயிடுவோம். மஞ்சக் கயிறு மாத்தி, காதோலைக் கருகமணி தண்ணியில விட்டு, அப்புறம் படியிலயே இலையை விரிச்சு வட்டமா உட்காருவோம். எங்க வீட்டுப் புளியோதரை அவங்க இலைக்கு, அவங்க வீட்டு வத்தல் நம்ம இலைக்கு. யாருக்கும் யாரும் எழுந்து போய்ப் பரிமாற வேண்டாம். எல்லாம் ஆறிப்போன சோறுதான், ஆனா காலை ஆத்துல விட்டுக்கிட்டு, முழு இலையில, வயிறாரச் சாப்பிடுவோம்.

2020ல மேட்டூரை ஜூன் 12ஆம் தேதியே திறந்துட்டாங்க. எட்டு வருஷம் கழிச்சுக் குறிச்ச தேதியில தண்ணி. ஆறு ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டு வந்துச்சு. ஆடி 18 ஆகஸ்ட் 2ஆம் தேதி வந்துச்சு. ஞாயித்துக்கிழமை. அந்த மாசம் ஞாயிறுன்னா முழு ஊரடங்கு! படித்துறையில தடுப்பு. தண்ணி வராத வருஷமெல்லாம் போர் தண்ணியை வச்சு ஆடிப்பெருக்கு கொண்டாடியிருக்கோம். தண்ணி வந்த வருஷம் நாங்க போக முடியல.

வீட்டுலயே நாலு சோறும் கிளறினேன். எல்லாரும் டி.வி. முன்னாடி தட்டோட உட்கார்ந்தாங்க. "அப்பளம் இன்னும் ரெண்டு", "வத்தல் இருக்கா", "தயிர்ச் சோத்துக்கு மாங்காய்"ன்னு ஓடி ஓடி முடிச்சுட்டு வந்து பார்த்தா, புளியோதரை அண்டாவுல வேர்க்கடலை இல்ல, கறிவேப்பிலை மட்டும்.

அடுத்த வருஷம் மே மாசம் எனக்கே கொரோனா வந்துடுச்சு. அதுக்கு டெல்டான்னு பேரு வச்சிருக்காங்கன்னு நியூஸ்ல சொன்னதும் என் மாமியார், "நம்ம ஊர்லேருந்து போனதாடி?"ன்னு கேட்டாங்க. எண்பது தாண்டியும் நக்கல் போகல.

என்னை மாடி ரூம்ல போட்டாங்க. அங்கதாங்க அதிசயம் நடந்துச்சு. மகன் யார்கிட்டயோ கேட்டு ஒரு சார்ட் எழுதிச் சுவத்துல ஒட்டினான். காலையில இஞ்சி எலுமிச்சைச் சாறு. எட்டு மணிக்கு டிபன். பதினோரு மணிக்கு சூப். ஒரு மணிக்குச் சோறு, பருப்பு, ரெண்டு காய், அவிச்ச முட்டை. சாயந்திரம் சுண்டல். படுக்கும்போது மிளகு போட்ட பால். டாண்ணு அந்தந்த நேரத்துக்கு வாசல்ல ஸ்டூல் மேல தட்டு வந்து உட்காரும். தட்டு! மூடி போட்டு, ஆவி பறக்க, எனக்கே எனக்குன்னு. கட்டில்ல சம்மணம் போட்டு உட்கார்ந்து மூடியைத் திறந்தேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு, காய்ச்சலாலயா என்னன்னு தெரியல.

எடுத்து வாயில வச்சா ஒண்ணுமே தெரியல. உப்பா, உறைப்பா, மண்ணா? வாசனையும் இல்ல, ருசியும் இல்ல. எனக்கு வேளாவேளைக்குச் சூடா யாரோ பரிமாறின அந்த ஒரே காலத்துல, கடவுள் நாக்கைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கிட்டுப் போயிட்டார்.

ருசி திரும்பறதுக்குள்ள தனிமை முடிஞ்சுது. "அப்பாயி வந்தாச்சு!"ன்னு பேத்தி குதிக்கிறா. மருமக கட்டிக்கிட்டா. மகன் சிரிச்சுக்கிட்டே கரண்டியை என் கையில குடுத்தான். "உங்க சாம்பார் சாப்பிட்டு எத்தனை நாளாச்சு தெரியுமாம்மா?" அந்தச் சார்ட் ரொம்ப நாள் மாடிச் சுவத்துலயே இருந்துச்சு. பெயிண்ட் அடிக்கும்போது கிழிச்சுப் போட்டாங்க. அவங்களால சமைக்க முடியும், நேரத்துக்குக் குடுக்க முடியும், காய் ரெண்டு வைக்க முடியும்னு அந்த ரூம்ல இருந்தப்ப தெரிஞ்சுதே. அப்புறம் ஏன் நின்னுச்சு? நோயாளிக்கு மட்டும்தான் அந்தச் சலுகையா? சட்டியை வழிச்சுக்கிட்டு இருந்தா ஆரோக்கியம்னு அர்த்தமா?

இப்ப கொரோனா போச்சு. மகன், மருமக சென்னைக்குப் போயாச்சு. என் பதினோரு மணி திரும்பி வந்துச்சான்னா, இல்ல. அவர் ரிட்டயர் ஆயிட்டார்! மூணு வேளை, நடுவுல ரெண்டு டீ, டீக்கு ரெண்டு பிஸ்கட், "நீயும் ஒண்ணு எடுத்துக்கயேன்." அதுதான் இப்ப என் பதினோரு மணி. அவர் ஊருக்குப் போன நாள்லகூட என் கை தானா சட்டிக்குத்தான் போகுது. சின்ன வெங்காயம் உரிச்சு, மோரு கரைச்சு உட்கார்றதுக்கு உடம்பு வளைய மாட்டேங்குது. மருமகளை வீடியோ கால்ல பார்க்கிறேன். சாயந்திரம் நாலு மணிக்கு, ஒரு காதுல ஹெட்போன், பேத்தி கடிச்சுப் போட்ட பிரெட் ஓரத்தைத் தின்னுக்கிட்டு இருக்கா. மைக்கை மியூட் பண்ணிட்டு மெல்றா. வாரத்துல மூணு நாள் வீட்டுலேருந்து வேலையாம். அவளுக்கும் ஒரு நாள் ரிப்போர்ட் வரும், ஒரு டாக்டரம்மா சொல்லுவாங்க.

எனக்குக் குடுத்த டயட் சீட்டைப் பார்க்கணுமே நீங்க. ஒரு மணிக்கு ஒரு கப் சோறு, ரெண்டு கப் காய். ஒரு மணிக்கு நான் அவருக்கு அப்பளம் பொரிச்சுக்கிட்டு இருப்பேன். ராத்திரி ஏழரைக்கு ரெண்டு சப்பாத்தி. ஏழரைக்கு மாமியாருக்கு மாத்திரையும் கஞ்சியும். அந்தச் சீட்டுல எல்லாம் இருக்கு, அதைச் சமைக்கிற ஆள் இல்ல. மத்திய அரசு 2019ல எடுத்த நேரக் கணக்கு ஒண்ணு உண்டு. சம்பளம் இல்லாத வீட்டு வேலைக்குப் பொம்பளைங்க ஒரு நாளைக்கு 299 நிமிஷம், அந்த வேலையைத் தொடுற ஆம்பளைங்க 97 நிமிஷம். இது கொரோனாவுக்கு முந்தின வருஷக் கணக்கு. எங்க வீட்டு 97 நிமிஷம் எங்க ஒளிஞ்சிருக்குன்னு நானும் தேடிக்கிட்டேதான் இருக்கேன்.

கருப்புக் கவுனி நல்லதாம், மாப்பிள்ளைச் சம்பா நல்லதாம். கொரோனாவுக்கு அப்புறம் எல்லார் வாயிலயும் அதுதான். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் ஊர் ஊராப் போய் இந்த நெல்லையெல்லாம் தேடிக் காப்பாத்தி வச்சுட்டு 2018லயே போய்ச் சேர்ந்தார். அப்ப வாங்காதவங்க எல்லாம் இப்ப கூரியர்ல வரவழைக்கிறாங்க. எங்க வீட்டுலயும் ஒரு பொட்டலம் இருக்கு. விலை கூடுதல்ங்கறதால அவருக்கு மட்டும் பொங்கறேன், அவருக்கும் சர்க்கரை. எனக்கு அதே வெள்ளைச் சோறு, அதே சட்டி. அவர் அதைப் பார்த்துக்கிட்டே சாப்பிடறார், ஒண்ணும் தோணல. டாக்டர்கிட்ட மட்டும், "நான் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்."

திருக்குவளையில 2023 ஆகஸ்ட்ல முதலமைச்சர் வந்து பள்ளிக்கூடத்துக் காலைச் சாப்பாட்டை மாநிலம் முழுக்க விரிச்சார். கீரைக்காரியோட கடைசிப் பிள்ளை அப்ப பள்ளிக்கூடத்துலதான் பொங்கல் சாப்பிட்டுச்சு. "காலையில ஒரு வேலை கொறைஞ்சுதுக்கா"ன்னா. அப்ப நீ காலையில என்ன சாப்பிடறேன்னு கேட்டேன். சிரிச்சா. கீரைக்கு எட்டணா சேர்த்துக் குடுங்கன்னு பேச்சை மாத்திட்டா. எட்டணா எங்க இருக்கு இந்தக் காலத்துல, அந்தப் பேச்சை மாத்தணுமே, அதுக்காக.

இவ்வளவு நேரம் கேட்டீங்க, ஒரே ஒரு வேலை செய்யுங்க. இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் உங்க அம்மாகிட்ட "சாப்டீங்களா"ன்னு மட்டும் கேக்காதீங்க. "ஆச்சே"ன்னு பதில் ரெடியா இருக்கும், கேக்கறதுக்கு முன்னாடியே வந்துடும். எத்தனை மணிக்குச் சாப்டீங்க, எதுல போட்டுச் சாப்டீங்க, உட்கார்ந்தா நின்னுக்கிட்டா? இந்த மூணையும் கேளுங்க. "இப்ப என்ன அதைப் பத்தி, உனக்கு டீ போடவா?"ன்னு பேச்சை மாத்துவாங்க. விடாதீங்க.